கந்தளாய்க் குளத்தின் துருசும் பட்டப்பின் பொருளியலின் இயங்குநிலை மாதிரிகளும்

பட்டப்படிப்பு வரையில் பொருளியல் மாணவர் தேடுவது பெரும்பாலும் ஓர் எண்ணையே. கேள்வி வளைகோடும் நிரம்பல் வளைகோடும் எங்கே வெட்டுகின்றன, அங்கே விலை எவ்வளவு, தொகை எவ்வளவு என்று கேட்டால், விடையும் ஒரு விலையாகவும் ஒரு தொகையாகவும் வந்து நிற்கும். முதுமாணிப் படிப்பின் தொடக்கத்திலேயே இந்தப் பழக்கம் முறிந்துவிடுகிறது. அங்கே கேட்கப்படும் கேள்விக்கு விடையாக வருவது, எந்த நிலைமையில் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு முழு விதி. இன்றைய முடிவு நாளைய நிலைமையை மாற்றுவதைக் கணக்கில் எடுக்கும் இயங்குநிலை மாதிரிகளைப் பார்த்து மருளும் மாணவர்கள் தமக்குக் கணிதம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணிதம் ஓரளவு காரணம்தான். ஆனால் தேடும் விடை எந்த உருவில் இருக்கும் என்பது தெரியாமல் தேடுவதே பெரிய காரணம் என்பது என் கருத்து.

திருகோணமலை மாவட்டத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்த வகை மாதிரியை விளக்கக் கந்தளாய்க் குளத்தை விட நல்ல உதாரணம் தேவையில்லை. குளக்கோட்டன் கட்டுவித்தான் என்று கோணேசர் கல்வெட்டும், இரண்டாம் அக்கபோதி கட்டினான் என்று சிங்கள மரபும் சொல்லும் அந்தக் குளம், வடகீழ்ப் பருவ மழையை வாங்கிச் சேமித்துப் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வயல்களுக்கு நீர் கொடுக்கிறது. திருகோணமலை நகரின் குடிநீரும் அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் அதிகாரிகளும் விவசாயிகளும் கூடி, குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் துருசைத் திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது என்று முடிவு செய்கிறார்கள். இன்று திறந்துவிடும் ஒவ்வொரு கன அடி நீரும் நாளைக்கு இல்லாத நீராகும். இயங்குநிலை மாதிரியின் சாரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்குகிறது.

இங்கே மூன்று பொருள்கள் இருக்கின்றன. இன்று குளத்தில் நிற்கும் நீரின் அளவை நாம் மாற்ற முடியாது. கடந்த கால மழையும் கடந்த கால முடிவுகளும் சேர்ந்து அதை நம் கையில் தந்திருக்கின்றன. இதை நிலை மாறி என்பார்கள். இன்று எவ்வளவு திறந்துவிடுவது என்பது நம் தெரிவு. அது கட்டுப்பாட்டு மாறி. இன்றைய நீரும் இன்றைய திறப்பும் சேர்ந்து அடுத்த போகத்தின் தொடக்கத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் கணக்கு, நகர்வுச் சமன்பாடு. பட்டப்பின் பாடத்தில் புதிய மாதிரி ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது, இதில் எது நிலை, எது தெரிவு, எது நகர்வு என்பதுதான். நாட்டின் மூலதனம், அரசின் கடன், ஒரு குடும்பத்தின் வங்கி வைப்பு, ஒரு தொழிலாளியின் திறன் ஆகிய எல்லாமே நிலை மாறிகளாக வரும்.

இனி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மழையும் ஆவியாதலும் இல்லை, இரண்டு போகங்கள் மட்டுமே உள்ளன, குளத்தில் 19 பங்கு நீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு போகத்தில் கிடைக்கும் பயன்பாடு, திறந்துவிட்ட நீரின் இயற்கை மடக்கை என்போம்; நீர் கூடக் கூடப் பயன்பாடு கூடும், ஆனால் கூடும் வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதே இதன் பொருள். அடுத்த போகத்தின் பயன்பாட்டை இன்றைய மதிப்பில் 0.9 ஆல் பெருக்கிக் கணக்கிடுகிறோம், இந்த 0.9 கழிவுக் காரணி எனப்படும். அப்படியானால் முதற் போகத்தில் 10 பங்கும் இரண்டாம் போகத்தில் 9 பங்கும் விடுவதே சிறந்தது. இதைச் சரிபார்ப்பதும் எளிது. மடக்கையின் பெறுதி, நீரளவின் தலைகீழ்; ஆகவே முதற் போகத்தின் எல்லைப் பயன்பாடு, அதாவது இன்னும் ஒரு துளி திறந்தால் கூடும் பயன்பாட்டின் வீதம், பத்தில் ஒன்று, அதாவது 0.1. இரண்டாம் போகத்தின் எல்லைப் பயன்பாடு ஒன்பதில் ஒன்று, அதை 0.9 ஆல் பெருக்கினால் அதுவும் 0.1. ஒரு துளியை இன்றிலிருந்து நாளைக்கு மாற்றினாலும், நாளையிலிருந்து இன்றைக்கு மாற்றினாலும் ஆதாயம் இல்லை என்ற இந்தச் சமத்துவமே ஒயிலர் சமன்பாடு. நுகர்வு, முதலீடு, பங்கு விலை, தொழிற்சந்தை என எந்த மாதிரியைத் திறந்தாலும் ஏதோ ஓர் உருவில் இது உள்ளே இருக்கும்.

போகங்கள் மூன்றானால் 27.1 பங்கு நீரை 10, 9, 8.1 என்று பிரிக்க வேண்டும். நான்கானால் இன்னொரு கணக்கு. நாற்பதானால் நாற்பது தெரிவுகளை ஒரே நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். முடிவே இல்லாத போகங்கள் என்றால் தேட வேண்டிய எண்களும் முடிவில்லாதவை. ரிச்சர்ட் பெல்மன் 1950களில் முன்வைத்த வழி இங்கேதான் வந்து உதவுகிறது. எதிர்காலம் முழுவதையும் ஒரே மூச்சில் திட்டமிட வேண்டியதில்லை. நாளை குளத்தில் இத்தனை பங்கு நீர் நின்றால் அதன்பின் எல்லாவற்றையும் சிறப்பாகச் செய்து பெறக்கூடிய மொத்தப் பயன்பாடு எவ்வளவு என்று சொல்லும் ஒரு சார்பு நம்மிடம் இருக்குமானால், இன்றைய சிக்கல் இரண்டு போகச் சிக்கலாகச் சுருங்கிவிடும்: இன்றைய பயன்பாடு ஒரு பக்கம், மீதி நீரின் கழிவு செய்த மதிப்பு மறுபக்கம். அந்தச் சார்பைப் பெறுமதிச் சார்பு என்கிறோம். ஆனால் அதே சார்புதான் இன்றைய நீரின் மதிப்பையும் சொல்ல வேண்டும், ஏனெனில் முடிவில்லாத காலத்தில் இன்று நிற்பவருக்கும் நாளை நிற்பவருக்கும் முன்னால் இருக்கும் எதிர்காலம் ஒரே நீளமானது. ஆக, தெரியாத சார்பு சமன்பாட்டின் இரு பக்கத்திலும் வருகிறது. இதுவே பெல்மன் சமன்பாடு. இரண்டாம் வாசிப்பிலும் இது சுற்றிச் சுற்றி வருவது போலத் தோன்றினால் வாசகர் கவலைப்பட வேண்டாம். அது உண்மையிலேயே சுற்றித்தான் வருகிறது, அந்தச் சுற்றை மூடும் சார்பைத் தேடுவதே வேலை.

நம் குளத்துக்கு அந்தத் தேடல் அழகாக முடிகிறது. மடக்கைப் பயன்பாட்டுக்கும் 0.9 கழிவுக் காரணிக்கும் கிடைக்கும் விதி: ஒவ்வொரு போகத்திலும் நிற்கும் நீரில் பத்தில் ஒரு பங்கைத் திறந்துவிடுக. 100 பங்கு நின்றால் 10, அடுத்து 9, அடுத்து 8.1 என்று அது ஓடும். கிடைத்த விடையின் உருவைக் கவனிக்க வேண்டும். 10 என்பது விடையல்ல, அது குளத்தில் 100 நிற்கும்போது மட்டுமே சரியான செயல். நிற்கும் நீர் எவ்வளவாயினும் செய்ய வேண்டியதைச் சொல்லும் அந்தப் பத்தில் ஒரு பங்கு விதியே விடை. அதற்குக் கொள்கைச் சார்பு என்று பெயர்.

இப்போது ஆவியாதலைச் சேர்ப்போம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மீதி வைத்த நீரில் ஐந்தில் ஒரு பங்கு வெயிலோடு போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டால், சேமிப்பது வீண் என்று எண்ணி இன்று கூடுதலாகத் திறந்துவிட வேண்டும் என்றே பலர் சொல்வார்கள். வேறு சிலர், நாளைக்குத் தட்டுப்பாடு வரும் என்பதால் இன்று குறைத்துத் திறக்க வேண்டும் என்பார்கள். இரண்டும் நியாயமான வாதங்கள். மடக்கைப் பயன்பாட்டில் இவ்விரு விசைகளும் ஒன்றையொன்று சரியாகச் சமன் செய்துவிடுவதால் விதி மாறுவதே இல்லை. இரண்டு போகக் கணக்கில் 19 பங்கில் இன்றும் 10 தான் திறக்க வேண்டும். மீதி 9, ஆவியாதலுக்குப் பின் 7.2 ஆகும். 0.9ஐ 0.8 ஆல் பெருக்கி 7.2 ஆல் வகுத்தால் மறுபடியும் 0.1. பாடத்தில் வருமான விளைவு (நாளை ஏழையாவதால் இன்று குறைப்பது), பிரதியீட்டு விளைவு (சேமிப்பு பயன் குறைந்ததால் இன்று கூட்டுவது) என்று மனனம் செய்த இரண்டும் காலத்தின் ஊடாக வேலை செய்வதை இங்கே எண்ணிலேயே காணலாம். வட்டி வீதம் உயர்ந்தால் மக்கள் கூடுதலாகச் சேமிப்பார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவதைப் பொருளியலாளர்கள் தவிர்ப்பதற்குக் காரணமும் இதுவே.

மழையைச் சேர்த்தவுடன் இந்த அழகெல்லாம் போய்விடும். எவ்வளவு மழை பெய்யும் என்பது நிகழ்தகவோடு மட்டும் தெரியும். குளம் நிரம்பினால் மேலதிக நீர் வான் பாய்ந்து போய்விடும். பேனாவாலும் தாளாலும் விதியைக் கண்டுபிடிக்க முடியாத இந்த இடத்தில் கணினி வருகிறது. பெறுமதிச் சார்புக்கு ஏதாவது ஓர் ஊகத்தை, எங்கும் சுழியம் என்றுகூட, வைத்துத் தொடங்கலாம். அதைப் பெல்மன் சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இட்டு, ஒவ்வொரு நீர்மட்டத்துக்கும் சிறந்த திறப்பைக் கண்டு, இடப்பக்கத்தில் கிடைக்கும் புதிய சார்பை அடுத்த ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கே தொடங்கினாலும் இது ஒரே சார்பை நோக்கித்தான் செல்லும் என்பதற்கு உத்தரவாதம் உண்டு: 1922 இல் ஸ்டீபன் பானாக் நிறுவிய சுருக்கத் தேற்றமும், அதைப் பயன்படுத்துவதற்கு 1965 இல் டேவிட் பிளாக்வெல் தந்த எளிய நிபந்தனைகளும். ஒவ்வொரு சுற்றிலும் பிழையின் உச்ச அளவு குறைந்தது கழிவுக் காரணியின் அளவுக்குச் சுருங்கும். காரணி 0.9 ஆனால் 22 சுற்றுகளில் பிழை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே வந்துவிடும், 0.99 ஆனால் அதற்கே 230 சுற்றுகள் வேண்டும். பொறுமை மிக்க சமூகத்தின் சிக்கலைத் தீர்க்கக் கணினிக்கும் பொறுமை தேவை.

நீர்மட்டத்தை 100 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு குளத்துக்கு இந்த வேலை நொடியில் முடியும். இரண்டு குளங்களைச் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டுமென்றால் 10,000 புள்ளிகள்; ஐந்து குளங்கள் என்றால் 1,000 கோடி. பெல்மனே இதைப் பரிமாணச் சாபம் என்று பெயரிட்டார். மாதிரியில் எதை விட்டுவிடுவது என்ற கேள்வி பட்டப்பின் பொருளியலில் இத்தனை முக்கியமாக இருப்பதற்கு இந்தச் சாபம் ஒரு பெரிய காரணம். ஆனால் விட்டுவிடப்பட்டவை இல்லாமல் போய்விடுவதில்லை. மழையின் நிகழ்தகவை மட்டும் எழுதிய மாதிரியில் அணைக்கட்டின் உறுதி ஒரு நிலை மாறியாக இருக்காது. கந்தளாய் அணைக்கட்டோ 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

குளத்தை விட்டு நாட்டுக்கு வருவோம். நீரின் இடத்தில் மூலதனத்தையும், திறந்துவிடும் நீரின் இடத்தில் நுகர்வையும் வைத்தால் கிடைப்பது, பிராங்க் ராம்சி 1928 இல், தமது 25ஆவது வயதில், வெளியிட்ட சேமிப்புக் கோட்பாடு. ஒரு பெரிய வேறுபாடு உண்டு: குளத்து நீர் சும்மா நிற்பதால் பெருகாது, மூலதனமோ உற்பத்தி தரும். ராம்சியின் கட்டுரை நெடுங்காலம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1956 இல் ரொபர்ட் சோலோ தந்த வளர்ச்சி மாதிரியில் மக்கள் தம் வருமானத்தில் ஒரு நிலையான பங்கைச் சேமிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏன் அந்தப் பங்கு என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. 1965 இல் டேவிட் காஸும் கூப்மன்ஸும் தனித்தனியே ராம்சியின் கேள்வியை அந்த மாதிரிக்குள் கொண்டுவந்து, சேமிப்பையும் ஒரு தெரிவாக்கினார்கள். பட்டப்பின் பேரினப் பொருளியலின் முதுகெலும்பு இன்றும் அந்த மாதிரியே.

அதில் மாணவர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. தொடக்க மூலதனம் தரப்பட்டிருக்கிறது, ஆனால் தொடக்க நுகர்வு தரப்படவில்லை. நுகர்வைச் சற்றுக் கூட்டி வைத்துத் தொடங்கினால், ஒவ்வொரு கணமும் ஒயிலர் சமன்பாட்டை மதித்து நடந்தாலும், ஒருநாள் மூலதனம் தீர்ந்துவிடும். சற்றுக் குறைத்து வைத்தால், யாரும் அனுபவிக்காத மூலதனம் குவிந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பாதை நிலைத்த சமநிலைக்குச் செல்கிறது. இரண்டாவது வகைத் தவற்றை விலக்கவே, தொலைவில் மீந்து நிற்கும் மூலதனத்தின் கழிவு செய்த மதிப்பு சுழியத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்ற இறுதி நிபந்தனை சேர்க்கப்படுகிறது. தேர்வுத் தாளில் கடைசி வரியாக ஒப்புக்கு எழுதப்படும் அந்த நிபந்தனை இல்லாமல் ஒயிலர் சமன்பாடு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. சமநிலையை அடைந்த பின், தேய்மானம் போக மூலதனத்தின் எல்லை உற்பத்தி, அதாவது இன்னும் ஓர் அலகு மூலதனம் தரும் கூடுதல் உற்பத்தி, மக்களின் பொறுமையின்மை வீதத்துக்கு (கழிவுக் காரணியின் தலைகீழிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது) சமமாகும். ஆண்டுக் கழிவுக் காரணி 0.96 ஆனால் அது ஏறத்தாழ 4.2 சதவீதம்.

கையால் தீர்க்கக்கூடிய ஒரு வடிவமும் உண்டு, தொடங்குவோர் அதையே பல தடவை செய்துபார்க்க வேண்டும். மடக்கைப் பயன்பாடு, ஒரே பருவத்தில் முழுதும் தேய்ந்துவிடும் மூலதனம், உற்பத்தியில் மூலதனத்தின் அடுக்கு மூன்றில் ஒன்று, கழிவுக் காரணி 0.9 என்று கொண்டால், ஒவ்வொரு பருவமும் உற்பத்தியில் 0.3 பங்கை முதலீடு செய்க என்பதே விதி. உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு தற்செயலாக ஏறி இறங்கினாலும் அந்தப் பங்கு மாறாது. புரொக், மேர்மன் என்ற இருவர் 1972 இல் நிச்சயமின்மையோடு ஆராய்ந்த வளர்ச்சி மாதிரியின் சிறப்பு வடிவம் இது. சோலோ எடுத்துக்கொண்ட நிலையான சேமிப்புப் பங்கு இங்கே தெரிவின் விளைவாகத் தானாக வந்து நிற்பதைக் காண்பது மனத்துக்கு இதமானது.

கழிவுக் காரணி என்ற அந்தச் சிறிய எண்ணைப் பற்றி ஒரு சொல். வருங்கால மக்களின் நலனை அது பின்னால் வருகிறது என்பதற்காக மட்டும் குறைத்து மதிப்பது அறநெறிப்படி ஏற்கத்தக்கதல்ல, கற்பனையின் பலவீனமே அதற்குக் காரணம் என்பது ராம்சியின் நிலைப்பாடு. ஆனால் நெல் விற்றுக் கடனை அடைக்க வேண்டிய விவசாயி இந்தப் போகத்துக்கே முழு நீரையும் கேட்பதைக் கற்பனையின் பலவீனம் என்று சொல்லிவிட முடியாது. தனி மனிதரின் பொறுமையின்மையை விளக்கும் எண்ணையும் சமூகம் பின்பற்ற வேண்டிய எண்ணையும் பாடநூல்கள் ஒரே குறியீட்டால் எழுதிவிடுகின்றன. இது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். காலநிலை மாற்றம் பற்றிய மாதிரிகளில் முடிவுகள் பெரிதும் இந்த எண்ணைச் சார்ந்தே நிற்கின்றன.

இதுவரை துருசைப் பிடித்திருப்பவர் ஒருவரே என்று கொண்டோம். உண்மையில் முடிவெடுப்போர் பலர். ஒவ்வொருவரும் மற்றவர் என்ன செய்வார் என்று எதிர்பார்த்தே தம் விதியை அமைக்கிறார். பங்குனி மாத நீர்மட்டத்துக்கும் விதைக்கப்படும் ஏக்கர்களுக்கும் உள்ள தொடர்பைப் பழைய ஆண்டுகளின் தரவிலிருந்து ஒருவர் மதிப்பிட்டு வைத்திருக்கிறார் என்போம். நீர் திறக்கும் விதியைத் திணைக்களம் மாற்றினால், விவசாயிகளின் எதிர்பார்ப்பு மாறும்; எதிர்பார்ப்பு மாறினால் அந்தப் பழைய தொடர்பே மாறிவிடும். பழைய தரவில் மதிப்பிட்ட தொடர்புகளைக் கொண்டு பொருளாதாரக் கொள்கையை மதிப்பிடுவதற்கு எதிராக ரொபர்ட் லூக்காஸ் 1976 இல் வைத்த விமர்சனம் இதுதான். கொள்கை மாறினாலும் மாறாத அடிப்படைகளான விருப்பம், தொழில்நுட்பம் ஆகியவற்றிலிருந்து மாதிரியைக் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்து எழுந்தது. 1982 இல் கிட்லண்டும் பிரெஸ்கொட்டும் வெளியிட்ட வணிகச் சுழற்சி மாதிரி அந்த வழியில் வந்தது. மாதிரிகளில் அன்றாடப் பொருளாதாரம் அடையாளம் தெரியாமல் போகிறது என்று குறைகூறுவோர் இந்தப் பின்னணியை அறிந்து குறைகூறினால் விவாதம் பயனுள்ளதாக இருக்கும்.

அவ்விருவரும் 1977 இல் எழுதிய இன்னொரு கட்டுரை கந்தளாய்க்கு இன்னும் நெருக்கமானது. அனுமதித்த ஏக்கர்களுக்கு மேல் விதைத்தால் நீர் தரமாட்டோம் என்று கூட்டத்தில் அறிவிப்பது சரியான கொள்கையாக இருக்கலாம். ஆனால் மேலதிகமாக விதைத்த பயிர் கதிர் தள்ளும் நேரத்தில் வாடி நிற்கும்போது துருசைத் திறப்பதே அந்த வேளையில் சிறந்ததாகத் தெரியும். இதை முன்கூட்டியே உணர்ந்தவர் அறிவிப்பை நம்பமாட்டார், மேலதிகமாகவே விதைப்பார். கிட்லண்டும் பிரெஸ்கொட்டும் தந்த உதாரணமும் நீரைப் பற்றியதே: வெள்ளச் சமவெளியில் வீடு கட்டக்கூடாது என்று அரசு சொன்னாலும், கட்டிவிட்டால் அரசு அணை கட்டிக் காப்பாற்றும் என்று மக்கள் அறிவார்கள். காலத்தால் முரண்படும் கொள்கை என்று இதைச் சொல்வார்கள். அவர்கள் 2004 இல் பெற்ற நோபல் பரிசுக்கு இந்த இரண்டு கட்டுரைகளுமே அடிப்படை. இலங்கையின் 2023ஆம் ஆண்டு 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டுக் கடன் கொடுப்பதைச் சில விதிவிலக்குகளோடு தடை செய்ததை இந்தக் கோட்பாட்டின் கண்ணோடு பார்க்கலாம். நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், இடர் வரும் வேளையில் துருசைத் திறக்கும் அதிகாரத்தையே முன்கூட்டிச் சுருக்கிவிடும் ஏற்பாடு அது.

தயாரிப்பைப் பொறுத்தவரை, நம் மாணவர்களின் பெரிய இடைவெளி உயர்தரத்திலேயே விழுகிறது. பொருளியல் கற்போரில் மிகப் பெரும்பாலோர் கலைப் பிரிவிலிருந்தோ வர்த்தகப் பிரிவிலிருந்தோ வருகிறார்கள். இணைந்த கணிதம் பௌதிகப் பிரிவினருக்கு உரியது. ஆகவே வகையீட்டைப் பட்டப்படிப்பில்தான் முதலில் சந்திக்கிறார்கள், நிறுவல் எழுதும் பழக்கமோ அங்கும் கிடைப்பதில்லை. முதுமாணிப் படிப்புக்கு முந்திய மாதங்களில் பேரினப் பொருளியல் நூல்களை மேலும் வாசிப்பதை விட, தொடர்ச்சி, ஒருங்கல் ஆகியவற்றை எப்சிலன் வழியே விளக்கும் மெய்ப்பகுப்பாய்வையும், நேரியல் அட்சரகணிதத்தையும், நிகழ்தகவையும் படிப்பது பயன் தரும். டைனேர் போன்ற இலவச மென்பொருள்கள் மாதிரியின் சமன்பாடுகளைத் தந்தவுடன் விடையைத் தந்துவிடும்; ஆனால் தொடக்கத்தில் அவற்றை நாடுவதை நான் விரும்பவில்லை, ஏனெனில் விதி எங்கிருந்து வந்தது என்பது அங்கே மறைந்துவிடும்.

அதற்கு முன்னர், மழையில்லாத அந்தக் குளத்தைப் பைத்தன் மொழியில் ஒரு பக்கத்துக்கு மேற்படாத நிரலாகத் தாமே எழுதிப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்தைப் புள்ளிகளாகப் பிரித்து, சுழியச் சார்பிலிருந்து தொடங்கிச் சுற்றுகளை ஓட்டினால், கணினி தரும் திறப்பு எங்கும் நீர்மட்டத்தின் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வர வேண்டும். அடிமட்டத்தில், நீர் சுழியத்தை நெருங்கும் இடத்தில், புள்ளிகள் அடர்த்தியாக இல்லாததால் விடை விலகும்; மடக்கைச் சார்பு அங்கே செங்குத்தாக இறங்குவதே காரணம். அந்த விலகலைத் தாமே கண்டுபிடித்து, புள்ளிகளை அங்கே நெருக்கி வைத்துச் சரிசெய்த பிறகுதான் மழையைச் சேர்க்க வேண்டும்.